எறோல் நிறம் கொடுத்த கிரகங்கள்

மட்டக்களப்புப் புளியந்தீவில் எறோல் என்றால் வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர் என்று எல்லாருக்கும் தெரியும். முப்பது வருடம் அதே வேலை. நெளிந்த கதவைத் தட்டி நிமிர்த்தி நிறம் பூசினால், எது பழையது எது புதியது என்று சொந்தக்காரருக்கே தெரியாது. போன வருடம் மூச்சு முட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிப் பெயிண்ட் மணமே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் வீட்டில் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. மனைவி நோறா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனதும் வாசல் படலையடியில் நின்று, போகிற வேன்களின் நிறக் குறைகளைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்த வீட்டு மாடியில் ஆர்த்திகா என்ற இளம்பெண் இரண்டு தோழிகளோடு கணினி விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் காலை, கீறல் விழுந்த ஸ்கூட்டரோடு எறோலிடம் வந்தாள்.

"நான் இப்ப பெயிண்ட் வேலை செய்யிறல்ல மகள்."

"அப்ப ஒரு நிறத்தைப் பாத்து மட்டும் சொல்லுவீங்களா அங்கிள்? கம்ப்யூட்டர்லதான்."

மாடியில், திரையில் ஒரு கிரகம் சுழன்றுகொண்டிருந்தது. விண்வெளி விளையாட்டு ஒன்றுக்காக இணையத்தில் வாங்கிய கிரக ஷேடர் அது. ஒளி பட்டால் ஒரு பரப்பு எப்படித் தெரியவேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் நிரலைத்தான் ஷேடர் என்கிறார்கள். விளையாட்டை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சினில் போட்ட அன்று கிரகம் முழுக்கக் கண்கூசும் இளஞ்சிவப்பாக வந்தது. தங்கள் எஞ்சின் படம் வரையும் முறைக்கு அந்தப் பதிப்பு ஒத்துவராது என்று கண்டு, ஆர்த்திகா வேறு பதிப்பை மாற்றினாள். இளஞ்சிவப்பு போனது. ஆனாலும் கிரகம் பிளாஸ்ரிக் பந்து போலவே இருந்தது.

எறோல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"கடலும் தரையும் ஒரே மினுக்கமா இரிக்கு புள்ள. முழு வேனுக்கும் பொலிஷ் போட்ட மாதிரி. மண் மினுங்குமா?"

ஆர்த்திகா ஷேடரின் அமைப்புகளைத் திறந்தாள். எது கடல், எது தரை என்று காட்டும் படத்துக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்பியதும் தரை மங்கியது. கடல் மட்டும் மின்னியது.

"மறுகா, இன்னொண்டு. கிரகத்தச் சுத்திவர ஒரு நீல வெளிச்சம். சூரியன் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"அப்ப வலப்பக்கம் இருட்டுக்குள்ளயும் ஏன் அது எரியுது?"

சூரியனாக வைத்த விளக்கை ஷேடரோடு இணைக்க அவள் மறந்திருந்தாள். இணைத்ததும் இருட்டுப் பக்கத்து நீலம் அணைந்தது. பகலும் இரவும் சேரும் ஓரத்தில் மெல்லிய செம்மை படர்ந்தது. தோழிகள் இருவரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"நாளைக்கும் வாறீங்களா அங்கிள்?"

"எனக்கு மவுஸ் புடிக்கவே தெரியாதே!"

"எனக்கு நிறம் புடிபடல்லையே."

மறுநாளும் போனார். முதல் மாதம் பாடாய்ப் பட்டார். ஒருநாள் கடலின் அமைப்புகள் முழுவதையும் அழித்துச் சேமித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இனிப் போகமாட்டன்," என்றார் நோறாவிடம்.

"போய்ச் சொல்லுங்க. சொல்லாம விட்டாத்தான் பிழை."

போய்ச் சொன்னார். ஆர்த்திகா சிரித்துக்கொண்டே பழைய பிரதியை எடுத்துக் கொடுத்தாள்.

விளையாட்டின் முன்னோட்டம் வெளியான அன்று நோறாவும் மாடிக்கு வந்தாள். அதிலிருந்த ஐந்து கிரகங்களும் எறோல் கைப்பட நிறம் கொடுத்தவை. செய்தவர்கள் பட்டியலில் அவருடைய பெயரை அவள் இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள். எறோலுக்கு அதைக் கேட்க நேரமில்லை. ஆறாவது கிரகம் முழுக்கப் பனி. அதன் வெள்ளைக்குள் எவ்வளவு நீலம் விடுவது என்று ஆர்த்திகாவோடு வாதாடிக்கொண்டிருந்தார்.