முன்னால் ஏறிய மாப்பிள்ளை

என் இரண்டாவது மருமகள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போகிறவள். பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு அளவுக்கு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு, பண்ணைக்கும் மைதானத்துக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்குமாக ஓட்டுவாள். பொம்பளைக்கு எதற்கு இவ்வளவு நீள வண்டி என்று கேட்கிறவர்களை அவள் கண்டுகொள்ள மாட்டாள். நான் சும்மா விடமாட்டேன்.

அவளுக்கு முதுகில் ஒரு வட்டு விலகிவிட்டது. வண்டி இப்படித் தூக்கித் தூக்கிப் போட்டால் அடுத்தது ஆபரேஷன்தான் என்றார் டாக்டரம்மா. ஒன்று உதறலைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டியரிங்கை விட வேண்டும். என் மகன் இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ட்ரெய்லரை வாங்கிக்கொள்ள ஆள்கூடப் பார்த்துவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் சொன்னான்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உதறலை நிறுத்துறேன். ஓட்டுறதை நிறுத்த மாட்டேன்."

உதறல் என்றால் லேசுப்பட்டதல்ல. கான்கிரீட் ரோட்டில் ஒவ்வொரு இணைப்பிலும் ட்ரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுக்கும், மறுகணமே முன்னால் தள்ளும். பிக்கப்பின் மூக்கு மேலும் கீழுமாகத் தலையாட்டும். கூடப் போனால் எனக்குக் குடல் இடம் மாறியதுபோல இருக்கும்.

முதலில் நான் தடிமனாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்தால் பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. அடுத்து மெக்கானிக், பிக்கப்பின் பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தார். வண்டி இன்னும் விறைத்துக்கொண்டு கட்டை வண்டியாகிவிட்டது. அதைக் கழற்ற வைத்தாள். பிறகு, ட்ரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டுக்கும் அதைக் கவ்வுகிற கிண்ணத்துக்கும் நடுவே ஆட்டம் இருப்பதைக் கண்டுபிடித்து இறுக்கினார்கள். கடகடவென்ற சத்தம் போயிற்று. முதுகுவலி போகவில்லை. ஆனாலும் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஓட்டினாள்.

வழக்கமாக அவள் ஏற்றுவது மூன்று குதிரைகள். இரண்டு சிறிய பெண் குதிரைகள் முன்னால். கடைசியில், கதவை ஒட்டி, ஒரு கறுப்பு ஆண் குதிரை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு முறுக்கு. கதவு திறந்ததும் தன்னை முதலில் இறக்காவிட்டால் பலகையை உதைக்கும். அதனால் எப்போதும் கடைசியாக ஏறி முதலில் இறங்குகிற மரியாதை அதற்கு மட்டும்.

ஒருநாள் மாப்பிள்ளைக்குக் குளம்பில் புண். மற்ற இரண்டை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். என் தங்கை வீடு போகும் வழியில் இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். அதே ரோடு. பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினாள்.

"அத்தை, இன்னிக்கு உங்களுக்குக் குலுங்குச்சா?"

"எனக்குத் தூக்கமே வந்துடுச்சும்மா. ஏன், என்ன பண்ணே?"

ஒன்றும் பண்ணவில்லை என்றாள். இறங்கிப் போய்க் காலியாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்தே மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டாள். கனமெல்லாம் ட்ரெய்லர் சக்கரத்துக்குப் பின்னால் இருந்தால் அதன் முன்பக்கம் எழும்பி, பிக்கப்பின் வாலைத் தூக்கித் தூக்கிப் போடும் என்றார் அவர். அதை முன்பே சொல்லக்கூடாதா என்று நான் கேட்டேன். தன்னிடம் வந்தபோதெல்லாம் ட்ரெய்லர் காலியாகத்தான் வந்தது என்றார். அதுவும் நியாயம்தான். யாரும் குதிரையோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போவதில்லை.

மாப்பிள்ளைக்குக் குளம்பு ஆறியதும் இனி அது முன்னால்தான் ஏறும் என்று பண்ணைக்காரரிடம் சொன்னாள். அவளுக்குப் பாதி வேலை தருகிறவர் அவர்தான். அது ட்ரெய்லரையே உடைத்துவிடும் என்றார். வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னார். பாருங்கள் என்று சொல்லிவிட்டு, தீவனப் பையை ட்ரெய்லரின் முன்னறையில் கட்டினாள்.

மாப்பிள்ளை முன்னங்காலை வைக்கும், எடுக்கும். அவள் கயிற்றை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போனது. இப்போது பிக்கப்பின் வால் ரொம்பவே தாழ்ந்துவிட்டது. முன்னால் இருந்த வைக்கோல் கட்டுகளையும் தண்ணீர் கேன்களையும் ட்ரெய்லர் சக்கரத்துக்கு நேர் மேலே நகர்த்தினாள். வண்டி சமமாக நின்றது.

பண்ணைக்காரர் தன் காரில் பின்னாலேயே வந்தார். மைதானத்தில் பெண் குதிரைகளை முதலில் இறக்கியபோது மாப்பிள்ளை விட்டது ஓர் உதை. பலகை பிளந்தது. அவர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பலகையை நான் மாத்திக்கிறேன். இடத்தை மாத்த மாட்டேன்" என்றாள்.

வழியெல்லாம் வண்டி தலையாட்டாமல் வந்ததை அவரும் பார்த்திருந்தார். திரும்பும்போதும் முன்னாலேயே ஏற்றுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்தாள். என் மகன் அவள் நடையையே கவனித்துக்கொண்டிருந்தான்.

"சரி, ஓட்டிக்கோ."

"நான் உங்ககிட்ட கேட்கவே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே, பலகைக்கு அளவெடுக்க டேப்பைத் தேடினாள்.