ரசம் சோறு பிசைய மறுத்த ஸ்பூன்

வலது கையில் நடுக்கம் வந்த பிறகு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின்புதான் என் அக்கா மேசைக்கு வருவாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சிந்திய சோற்றைப் பார்க்காதது போல் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் மகளுக்கு வரன் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சம்பந்தி வீட்டார் சாப்பிட வருவதாக ஏற்பாடு.

"அன்னிக்கு நானும் அவங்களோட உக்காந்து சாப்பிடணும். யாரும் ஊட்டிவிடக் கூடாது" என்றாள்.

நகரத்தின் ஓரத்தில், ஹெப்பகோடியில் ஒரு சிறிய நிறுவனம் நடுங்கும் கைகளுக்கான ஸ்பூனைச் சோதித்துக்கொண்டிருந்தது. அங்கே அழைத்துப் போனேன். கைப்பிடிக்குள் மோட்டார் இருக்கிறது. கை ஒரு பக்கம் ஆடினால், முனை எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும். இளம் பெண் பொறியாளர் ஒருவர் கேன்டீன் தயிர்சாதத்தை முன்னால் வைத்தார். அக்கா ஒரு வாய் எடுத்தாள். கை ஆடியது, முனை ஆடவில்லை. ஒரு பருக்கைகூட விழவில்லை.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா விருந்துக்குத் தயிர்சாதம் போட்டா சம்பந்தி எழுந்து போயிடுவாங்க."

டிபன் பாக்ஸில் சோறும் ரசமும் கொண்டு வந்திருந்தாள். கிண்ணத்தில் கொட்டி, ஸ்பூனால் பிசையத் தொடங்கினாள். அவள் வேகமாகப் பிசைய, ஸ்பூன் அதையும் நடுக்கம் என்றே எடுத்துக்கொண்டது. கைப்பிடி ஆட, முனை அசையாமல் நின்றது. சோறு ஒரு பக்கம், ரசம் ஒரு பக்கம்.

"என்னம்மா இது, என்கூட மல்லுக்கு நிக்குது?"

பொறியாளர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஐயோ ஆன்ட்டி, இதை நாங்க யோசிக்கவே இல்ல. இங்க வர்றவங்க எல்லாருக்கும் கலந்த சாதமே குடுத்துட்டோம்."

செய்தியாளனாக எத்தனையோ கருவிகளின் அறிமுகக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். குறை சொன்னவருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் குறைவு.

"ஆஃப் பண்ணிக் குடு" என்றாள் அக்கா.

அணைத்ததும் கை தன் பாட்டுக்கு ஆடியது. கிண்ணம் ஆழமானது, எதுவும் வெளியே தெறிக்கவில்லை. ரசம் சோற்றில் இறங்கியது.

"பாத்தியா? பிசையறதுக்கு என் கையே போதும். தூக்கறதுக்குத்தான் உன் மோட்டார் வேணும்."

பொறியாளர் சிரித்துவிட்டார். ஸ்விட்ச் கைப்பிடியின் அடியில் இருந்தது. அணைக்க இரண்டு கை தேவை. அதைக் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்துக்கு மாற்றி, சனிக்கிழமை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். "டெஸ்டிங்குக்குன்னே வெச்சுக்கோங்க ஆன்ட்டி. சரியில்லைனா திட்டி மெசேஜ் போடுங்க, பர்வாகில்ல" என்றார், பரவாயில்லை என்பதைக் கன்னடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. அக்கா சம்பந்தியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டைவிரலால் ஸ்விட்சை அணைத்துப் பிசைந்தாள், மறுபடி போட்டுத் தூக்கினாள்.

"என்னங்க, சார்ஜ் போடற ஸ்பூனா?" என்று கேட்டார் சம்பந்தியம்மாள்.

"ஆமாங்க. பிசையும்போது தூங்கும், தூக்கும்போது முழிச்சுக்கும்."

இடையில் ஒரு சொட்டுக் குழம்பு மேசைவிரிப்பில் விழுந்தது. அக்கா அதைத் தானே துடைத்துவிட்டு, பேச்சை நிறுத்தாமல் மகளைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுடி."

சம்பந்தியம்மாளும் தன் தட்டை நீட்டினார்.