கம்பெனி வாசலில் கூட்டம் போட்ட செல்வராணி

செல்வராணி இறந்துவிட்டார் என்று அவர் கணவர் முருகேசன் தொலைபேசியில் சொன்னபோது நான் ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அவருடைய மகள் காவ்யா என் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுதிக்கொண்டிருந்த கணக்கை அவள் முடிக்கும்வரை காத்திருந்து, கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பம் அவருடையது. அவிநாசிபாளையத்தை அடுத்த எங்கள் தொடக்கப்பள்ளியில் காவ்யாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மறு வாரமே என்னோடு சண்டைக்கு வந்தார்.

"வீட்டுப்பாடத்துல அப்பா அம்மா கையெழுத்து வேணும்னு சொல்றீங்களே டீச்சர், நாங்க வேலை முடிஞ்சு வர்றப்ப பிள்ளைக தூங்கிப்போயிருக்கும். எழுப்பி வச்சா படிக்கச் சொல்றது?"

சத்தமான குரல். ஆனால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர் அல்லர். அவர்கள் குடியிருந்த, ஒரே வரிசையாய் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில், எந்த அம்மாவுக்கு அன்று வேலை இல்லையோ அவர் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து படிப்பது என்று ஏற்பாடு செய்தார். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவரையே தலைவியாக்கினோம்.

அந்த வருடம் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் வேன் வரும் தனியார் பள்ளிகளுக்கு மாறிவிட்டன. எங்கள் பள்ளியை மூடி, தாராபுரம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. லாரிகள் பறக்கும் அந்தச் சாலையைச் சிறு பிள்ளைகள் தினமும் கடக்க வேண்டியிருக்கும். இதற்காக நாங்கள் கூட்டிய பெற்றோர் கூட்டத்துக்குச் செல்வராணி ஒருவர்தான் வந்தார். பார்வையிட வந்திருந்த அதிகாரி காலி பெஞ்சுகளைக் காட்டி, "பெத்தவங்களுக்கே அக்கறை இல்லையே, நாங்க என்ன பண்றது?" என்றார்.

செல்வராணி எழுந்தார். "அக்கறை இல்லைன்னு சொல்லாதீங்க சார். லீவு இல்லை. அவங்க இங்க வர முடியலைன்னா, கூட்டம் அங்க போகும்."

சொன்னபடியே செய்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தான் வேலை பார்த்த கம்பெனியின் வாசலில், டீக்கடைக்கு எதிரே, பெற்றோரை நிறுத்தி வைத்துப் பேசினார். நானும் போயிருந்தேன். டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டபடியே கேட்டார்கள். மேலாளர் வெளியே வந்தார்.

"ஏனுங்க, கம்பெனிக்கும் பள்ளிக்கோடத்துக்கும் என்னங்க சம்பந்தம்? கூட்டமெல்லாம் இங்க போடக்கூடாதுங்க."

"உங்க மெஷின்ல ஓடுற கையெல்லாம் காலைல பிள்ளைகளுக்குத் தலை சீவி விட்டுட்டு வந்த கைதான் சார். அதுதான் சம்பந்தம்" என்றார் செல்வராணி.

மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் பதறிப்போய் அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "திருப்பூர்ல மெஷினுக்கா பஞ்சம்? இது போனா இன்னொரு கம்பெனி. நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இது ஒண்ணுதான் டீச்சர்" என்றார்.

வேறு வேலை கிடைத்தது. அங்கும் வாசலில் கூட்டம் போட்டார். பீகாரிலிருந்து வந்த குடும்பங்களையும் தேடிப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். பள்ளியைப் பற்றி முடிவெடுக்க அதிகாரிகள் வந்த அன்று, வேலை நாளாக இருந்தும் வகுப்பறை கொள்ளாமல் பெற்றோர் நின்றார்கள். ரீனா தேவி என்ற பீகார்ப் பெண் இந்தியில் ஏதோ சொன்னார். அவருடைய சின்ன மகள் எழுந்து, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்னை அனுப்ப மாட்டேன்னு அம்மா சொல்றாங்க" என்று தமிழில் சொன்னாள். அதிகாரிகள் வருகைப் பதிவேட்டை வாங்கி, பெருகியிருந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு போனார்கள். பள்ளி மூடப்படவில்லை.

அன்று எல்லோரும் கைதட்டியபோது செல்வராணி தட்டவில்லை. "கக்கூஸ்ல தண்ணி எப்ப சார் வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு அதையும் வர வைத்தார்.

இறுதி ஊர்வலம் புறப்பட்டபோது, பனியன் பஞ்சு ஒட்டிய உடையோடு வேலையிலிருந்து நேராக வந்த அம்மாக்களும் பின்னால் நடந்தார்கள். தெருமுனையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார். "பொம்பளைங்க இதுக்கு மேல வர்றது வழக்கமில்லீங்க. ஊட்டுக்குத் திரும்பீருங்க, கண்ணுங்களா."

உள்ளூர்ப் பெண் சுந்தரி முன்னால் வந்தார். "எங்க கொழந்தைகளுக்காக வேலையவே உட்டவங்க சாமி. அவங்களைப் பாதி வழியில உட்டுட்டுத் திரும்ப எங்களால முடியாதுங்க. நீங்க முன்னால நடங்க, நாங்க வர்றோம்."

பெரியவர் காவ்யாவைப் பார்த்தார். அவள் ஒரு கையால் அப்பாவையும் மறு கையால் ரீனா தேவியையும் பிடித்திருந்தாள். அவர் ஒதுங்கி வழிவிட்டார். சுடுகாடு வரைக்கும் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

போய் இளைப்பாறுங்கள், செல்வராணி. பள்ளியை மூட இனி யார் வந்தாலும், அவர்கள் எங்களிடம் பேசட்டும்.