நிமிடத்துக்கு ஒரு தடவை

அன்று தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி மாணிக்கம் ஐயா, சம்பளக் கணக்கு எழுதும் லெட்சுமி அக்கா, அப்புறம் நான். தோட்டத்து மேனேஜரான துரை காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு மலைக்குக் கீழே ரிங்லெட் டவுனுக்கு இறங்கிவிட்டார். நேற்று பிரிஞ்சாங் டவுனில் பழைய சாமான் கடை வாசலில் ஒரு மோடத்தைப் பார்த்ததும் இதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் ஓரடி தள்ளித்தான் நின்றேன்.

அப்போதெல்லாம் மின்னஞ்சல் தானாக வராது. கம்ப்யூட்டர் இந்த மோடத்தை வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியாக டயல் செய்து, கீச்சிட்டு, கரகரத்து, போய் எடுத்து வர வேண்டும். பனியில் நனைந்துவிடும் என்று லெட்சுமி அக்கா அதைப் பழைய பாத்தேக் துணியால் போர்த்தியிருப்பார். துணியை விலக்கிப் பொத்தானை அழுத்துவது என் வேலை. எட்டாம் வகுப்பான ஃபாரம் டூவோடு பள்ளியை விட்டு, தேயிலைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த என்னை மூன்று மாதச் சோதனைக்கு உள்ளே எடுத்திருந்தார்கள். மழை என் மேல் பெய்யாத முதல் வேலை அது.

அதிலும் ஒரு திங்கட்கிழமை பொத்தானை அழுத்த மறந்தேன். விருந்தாளிகள் வருவதாகத் தலைமை அலுவலகம் எழுதியிருந்த கடிதத்தை, அவர்கள் வந்து போன பிறகுதான் பார்த்தோம். தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் டீ கிடைக்கவில்லை.

“இன்னொரு லெட்டர் மிஸ் ஆச்சு, பழையபடி மருந்து டேங்கைத் தூக்கிக்க” என்றார் துரை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. துரை ரிங்லெட்டுக்குப் போன அன்று காலை மின்னஞ்சல் நிரலின் மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது யாரும் டிக் போடாத ஒரு சின்னக் கட்டம் கிடைத்தது. ஆங்கிலம் புரியவில்லை; பக்கத்தில் 30 என்ற எண் மட்டும் புரிந்தது.

“இத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவே பாத்துக்கும்னு போட்டிருக்கு லா” என்றார் அக்கா.

முப்பது நிமிடத்தில் எத்தனை விபரீதம் நடக்கலாம்! கட்டத்தில் டிக் போட்டு, எண்ணை அழித்துவிட்டு 1 என்று போட்டேன்.

மோடம் கத்தியது, ஓய்ந்தது, மறுபடி கத்தியது.

“என்னடா இது, முட்டையிட்ட கோழி மாதிரி கத்திக்கிட்டே கெடக்கு?”

“வேலை செய்யுதுங்க ஐயா” என்றேன், பெருமையாக.

பதினோரு மணிக்கு ஒரு கடிதம் விழுந்தது. அக்கா படித்துச் சொன்னார்: “தொரை காரு ரிங்லெட்ல படுத்துருச்சாம். ரெண்டு மணி நேரமா கடையில நின்னு இங்க போன் அடிக்கிறாராம், லைனே கெடைக்கலையாம். கடைசியில கோலாலம்பூர் ஹெட் ஆபீசுக்கு அடிச்சிருக்காரு, அவங்கதான் எழுதியிருக்காங்க. லோரி அனுப்பணுமாம்.”

“பாத்தீங்களா ஐயா, வந்த ஒடனே புடிச்சிட்டேன்!”

கிராணி தொலைபேசியைப் பார்த்தார். மோடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அலுவலகம் மொத்தத்துக்கும் ஒரே லைன்.

“டேய், லைனைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கறதே நீதான்டா!”

துரை லோரியின் முன்சீட்டில் வந்து இறங்கினார். முழங்கால்வரை சேறு. “லெட்டர் ஏதும் மிஸ் ஆச்சா?”

“இல்லீங்க தொரை. ஒண்ணுகூட மிஸ் ஆகல.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கேட்டது இருமலா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிராணிதான் வழி சொன்னார். “பறிச்ச தேயிலைக் கொழுந்தையே ஒரு நாளைக்கு மூணு தடவதான்டா நிறுக்கிறோம். லெட்டருக்கு என்ன அவசரம்? அவசரம்னா போன் அடிப்பாங்க.” நிறுவைக்கும் நிறுவைக்கும் நடுவே மூன்று மணி நேரம். விரல் விட்டுக் கணக்குப் பார்த்து 180 என்று போட்டேன். சோதனை முடிந்ததும் துரை என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார். இனிமேல் எந்த எண்ணையும் மாற்றுமுன் கிராணியிடம் கேட்க வேண்டும் என்று தாளின் ஓரத்தில் ஒரு வரி இருந்தது.

அந்த 180 எனக்குச் செய்த உபகாரம் கொஞ்சமல்ல. ஒருமுறை பார்த்து ஒன்றும் இல்லை என்றால், எப்பேர்ப்பட்ட கெட்ட செய்தியும் அடுத்த மூன்று மணி நேரம் வெளியே காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் நான் டீயைச் சூடாகக் குடிக்கப் பழகினேன். இப்போது செய்தி எழுதிய நொடியே கைப்பேசிக்குள் வந்து விழுகிறது. டீ தினமும் ஆறிப் போகிறது.