நான் தூக்காத கை

ஜூரோங்கில் கப்பல் பட்டறை ஆட்கள் தங்கும் விடுதியில் இருந்தபோது எனக்கு உலக அரசியல் பைத்தியம். வளரும் நாடுகளின் கூட்டணி கூடியதாகச் செய்தி வந்தால் போதும், பக்கத்து அறை வங்கதேசத்து நண்பனிடம் பேப்பரை விரித்துவிடுவேன். தலைவர்கள் கைகோத்து நிற்கும் படத்தில் எங்கள் நாடு இருக்கும். அவன் நாடு இருக்காது.

"அண்ணே, நீங்க உள்ளே இருக்கீங்க. எங்களுக்கும் ஒரு நாற்காலி கேளுங்க லா" என்பான். தமிழர்களோடு வெல்டிங் செய்தே தமிழ் கற்றவன்; 'லா' அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொண்டது.

"சின்ன நாட்டுக்கெல்லாம் இனிமே நாங்கதான் பாய் துணை" என்று நானும் அளந்துவிடுவேன்.

எங்கள் மாடியில் அடுப்புக்கும் ஒரு கூட்டணி இருந்தது. நான்கு அறைகள், ஒரே சமையலறை, அறைக்கொரு நேரம். ஓர் அறையின் நேரத்தை இன்னோர் அறை கேட்டால் கூட்டம் போடுவோம். நேரத்தை இழக்கப்போகிற அறையோடு வேறோர் அறையும் எதிர்த்துக் கை தூக்கினால் மாற்றக் கூடாது என்பது நாங்களே வைத்த விதி.

நோன்பு மாதத்துக்கு முந்திய வாரம், ஆட்கள் அதிகமுள்ள அறை நண்பனின் ஆறரை மணியைக் கேட்டது. அவன் அறையில் மூன்றே பேர். நோன்பு திறக்கச் சூடாக எதையாவது சமைக்க அவர்களுக்கு அந்த நேரம்தான் வேண்டும். நான்காவது அறை பெரிய அறையின் பக்கம். அவன் கை தூக்கினான். தூக்கியபடியே என்னைப் பார்த்தான். எங்கள் அறைக்காகப் பேசுகிறவன் நான்தான்.

பெரிய அறையின் ஃப்ரீசரில் எங்கள் மீன் இருந்தது.

"நாங்க எந்தப் பக்கமும் இல்லை" என்றேன், பெரிய ராஜதந்திரி மாதிரி. மதில்மேல் பூனை. ஆறரை மணி கைமாறிப் போயிற்று.

அந்த மாதம் முழுவதும் மூவரும் ரொட்டியும் பேரீச்சம்பழமும் தின்று நோன்பு திறந்தார்கள். ஒருநாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் ஒரு பழத்தை என் கையில் வைத்து, "பரவாயில்லை அண்ணே. உங்க நாடும் எந்தப் பக்கமும் இல்லைன்னுதானே பேப்பர்ல போட்டிருக்கு" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெருநாள் முடிந்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். போன் எண்ணும் மாறிவிட்டது.

நடுநிலையால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சின்ன அறைக்கு நஷ்டம். எங்கள் நாடும் ஒரு காலத்தில் சின்ன அறைதான். வேறு யாராவது கை தூக்க மாட்டார்களா என்று அதுவும் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கும். நாற்காலி கிடைத்ததும் அது மறந்துவிடுகிறது.

இப்போது எனக்கு வேலை பாசிர் ரிஸ் பக்கம். ஞாயிறானால் ரயிலேறி ஃபேரர் பார்க் வந்து, அவன் ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் முகம் முகமாகப் பார்த்து நிற்கிறேன். அவனைத் தேடாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் கூட்டத்துக்குள் அவனைப் போலவே ஒருவன் தெரிந்தான். சட்டென்று கையை உயரத் தூக்கிவிட்டேன்.

அவன் இல்லை. கையை இறக்கத்தான் கொஞ்ச நேரம் மனசு வரவில்லை.