மண் பூசிய கை

எலும்பு நொறுங்குகிற சத்தம் பெரிதாக இருக்காது. ஈர மண்ணுக்குள் காய்ந்த குச்சி முறிவதுபோல, மொறுக்கென்று ஒன்று. கரும்பு ஜூஸ் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது கேட்கிறது.

எங்கள் பொம்மை யூனிட்டில் மண் பிசையும் மெஷினின் வாய்க்குள் என் அண்ணனின் வலது கை அப்படித்தான் போனது. வெள்ளை மண் ரோஜா நிறத்தில் பிதுங்கி வந்தது. அதன் பிறகுதான் அவர் கத்தினார். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். தலைக்கு மேலே ஏ.ஐ. கேமரா ஊமையாய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

கை கிட்டே போனாலே சைரன் அடித்து மெஷினை நிறுத்திவிடும் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி மாட்டவைத்த கேமரா அது. நல்ல நாளில் ஆரம்பிக்கட்டும் என்று முதலாளி ஆயுத பூஜையன்று மாட்டினார். தலைக்குக் குளித்து, புதுச்சட்டை போட்டு, சந்தனம் வைத்த மெஷின் முன்னால் ஒவ்வொருவராய்ச் சுத்தமான கையை நீட்டிக் கேமராவுக்குப் பழக்கினோம். மறுநாள் முழங்கை வரை மண் அப்பிக்கொண்டு வேலையில் இறங்கினோம். சைரன் அடிக்கவே இல்லை. எல்லோரும் ஜாக்கிரதையாகிவிட்டோம் என்று முதலாளி மெச்சினார்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே நஷ்டஈட்டுக்காக விசாரிக்க இன்சூரன்ஸ் அதிகாரி யூனிட்டுக்கு வந்தார். அங்கேயே பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் அண்ணிதான் அவரிடம் பேசினார்.

"சைரன் அடிச்சாதாம்மா கேமரா படத்தை எடுத்து வைக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. மெஷின் கிட்ட கையே போகலன்னு ஏ.ஐ. சொல்லுது."

"அப்ப என் வூட்டுக்காரர் கைய யாரு தின்னா? அதுவா?"

"வேற எங்கியாவது… ஜூஸ் மெஷின்ல கூட…"

"நான் கண்ணால பாத்தேன் சார்" என்றேன்.

"நீங்க தம்பி. அப்படித்தான் சொல்லுவீங்க."

அண்ணி சிரித்தார். மண் தொட்டியிலிருந்து சேற்றை அள்ளி, அதிகாரியின் வாட்ச் கட்டிய கையைப் பிடித்து, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அறைந்து அறைந்து பூசினார்.

"ஏய், வுடும்மா! கைய வுடு!"

"தம்பி, மெஷினைப் போடுங்க."

போட்டேன். இரும்புத் திருகு உறுமிக்கொண்டு சுழன்றது. அண்ணி அந்தக் கையை இழுத்து அதன் வாய்க்கு மேலே பிடித்தார். கேமராவின் பச்சை விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"கூப்புடுங்க சார் உங்க ஏ.ஐ.ய! வந்து காப்பாத்தச் சொல்லுங்க!"

அதிகாரி அலறினார். கால் வழுக்கியது. மெஷினை அணைத்துவிட்டேன்.

அதிகாரி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாய்த் தொட்டுப் பார்த்தார். போலீசுக்குத்தான் போன் போடப்போகிறார் என்று நினைத்தேன். "மறுபடி போடுங்க" என்றார். இந்தமுறை யாரும் பிடிக்கவில்லை. சேறு வழியும் கையை அவரே மெஷினுக்கு மேல் நீட்டி, அந்தப் பச்சை விளக்கோடு சேர்த்து போனில் வீடியோ எடுத்தார்.

வாசலில் பைக்கை உதைக்கும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மெஷின்லதான் கை போச்சுன்னு எழுதிடறேம்மா."

அண்ணி நகரவில்லை.

"எழுதுங்க சார். ரெண்டு கையோட வூட்டுக்குப் போறீங்க. பாத்துப் போயிட்டு வாங்க."