உறையைப் பற்றிய விரல்கள்

நேபாளத்தில் கையால் அடித்த குக்குரிக் கத்திகள் இரண்டை என் மகன், திருப்பதியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அருகருகே வைத்திருந்தான். காட்டு நடைப்பயணத்தில் விறகு பிளக்கக் கனமானது ஏற்றதா, இலேசானது ஏற்றதா என்பது அவன் ஆராய்ச்சி. தோலுறையின் மணம் எழுந்ததும் என் நெஞ்சம் ஐம்பதாண்டு பின்சென்றது.

சத்தியவேட்டில் என் தந்தையார் கரும்பு வெட்டும் கூலியாள். ஊர் திரும்பவிருந்த ஆலைக் காவலாளியான கூர்க்கா ஒருவர், நட்பின் அடையாளமாகத் தம் குக்குரியை அவருக்கு அளித்தார். அளிக்கையில், உறையைச் சுற்றியிருந்த தந்தையாரின் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தியின் கூரில்லாத முதுகுப்புறமாக உறைமேல் வைத்தார். அவர் மொழி எங்களுக்குத் தெரியாது.

"இன்னா கூர்க்கா, மோதிரம் போடப் போறியா?" என்றார் தந்தையார். எல்லாரும் சிரித்தோம்.

எங்கள் கொடுவாளுக்கு உறையே கிடையாது. மறுநாள் தந்தையார் உறையை இறுகச் சுற்றிப் பிடித்து உருவினார். கத்தியின் வளைந்த கூர்விளிம்பு உறையின் தையலை அறுத்து நான்கு விரல்களிலும் இறங்கியது.

"ஒண்ணும் இல்லம்மா, அழுவாத" என்றார் என்னிடம். அவ்விரல்கள் பின்னர் மடங்கவே இல்லை. கரும்பைச் சேர்த்துப் பிடிக்க இயலாதவரை எவரும் வெட்டுக்கு அழைக்கவில்லை.

"உறையைச் சுத்திப் புடிக்காதடா!" என்று மகனிடம் பதறினேன்.

"தெரியும்மா. முதுகுப் பக்கம்தான் புடிக்கணும். வீடியோல மொதல்ல அதத்தான் சொல்றாங்க" என்று எளிதாக உருவினான்.

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு என் காதில் ஓயவில்லை.